இடுப்பு வைத்த சுரைக்காய்

துண்டை நாக்கில் வைத்தாயிற்று. ஒன்றுமில்லை. ஈரமாக இருக்கிறது, கடித்தால் நறுக்கென்கிறது, அவ்வளவுதான். கசக்கிறதா, இனிக்கிறதா, சப்பென்று இருக்கிறதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல, சுவரைச் சுரண்டி வாயில் போட்டாலும் எனக்கு இதேதான். ஆனாலும் கை கேட்கமாட்டேன் என்கிறது. சுரைக்காயை அரிந்தால் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் மறுவேலை பார்க்கக் கூடாது என்பது எங்கள் அம்மா வீட்டுச் சட்டம். வெண்டைக்குக் கிடையாது, கத்தரிக்குக் கிடையாது, சுரைக்காய்க்கும் வெள்ளரிக்கும்தான் அந்த மரியாதை. நல்ல சுரையும் பேய்ச்சுரையும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், நாக்குதான் பிரித்துச் சொல்ல வேண்டும். கசந்தால் காயைக் குப்பையில் போட வேண்டியதுதான், பேய்ச்சுரை உள்ளே போனால் குடல் வெந்துபோகும் என்பார்கள். அந்தச் சட்டத்துக்கு நான் இன்னும் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறேன், நாக்குத்தான் வேலையை விட்டுப் போய்விட்டது. துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன். நடுவிலிருந்து இன்னொரு துண்டு நறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தேன், ஏதோ கண்ணை மூடினால் தெரிந்துவிடும் என்பதுபோல. ஒன்றுமில்லை. அதையும் துப்பினேன். மிக்ஸி ஜார் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. இஞ்சித் துண்டு, கொஞ்சம் புதினா, அரை மூடி எலுமிச்சை எல்லாம் தட்டில் காத்துக் கிடக்கின்றன. அவர் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பும் நேரம். செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், ஜூஸ் ஆச்சா புள்ள என்று.

காயை அவர்தான் பறித்தார். நடக்கக் கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய், பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இதுதான் இந்த வருஷத்துக் கொடியில் முதல் காய். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அடுப்பு மேடையில் வைத்தார். இனி சந்தைக் காயே வேண்டாம் புள்ள, இது நம்ம காய், மருந்தடிக்காத காய் என்றார். சர்க்கரைக்கு நல்லது என்று கூட நடப்பவர்கள் யாரோ சொல்லி, போன கோடையிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ். ஒரு டம்ளர், ஒரே மூச்சு. சந்தைக் காயையும் நான் நாக்கில் வைத்துவிட்டுத்தான் அரைக்கிறேன், அதாவது வைக்கிற மாதிரி வைக்கிறேன். சந்தைக் காய் ஊரே வாங்குகிற காய், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன். இன்றைக்குக் காயைக் கிடத்திக் கத்தியை வைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். போன வருஷம் நான் விதைக்கு விட்ட காய் நெடுநெடுவென்று மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். இதற்கு நடுவில் லேசாக ஓர் இடுப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, தெரியாதவர்கள் பார்த்தால் காய் ஏதோ கம்பியில் சிக்கி வளர்ந்தது என்பார்கள். எனக்கு அந்த இடுப்பைத் தெரியும். ஹாலில் ஜன்னல் கம்பி நெடுக வார்னிஷ் பளபளப்போடு தொங்குகிறதே குட்டிச் சுரை, கைக்குள் அடங்குகிற அளவில், அதற்கு இருக்கிற இடுப்பு அது.

அந்தக் குட்டிச் சுரை இந்த வீட்டுக்கு வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து. எனக்குக் கன்னத்துக்குள் கட்டி வந்து, அறுத்து எடுத்து, அப்புறம் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் வைக்கிற இடத்தில் வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், எல்லாருக்கும் கழுத்து கருத்துப்போய், யாரும் யாரையும் சரியாகப் பார்க்கமாட்டோம். இவர் கூட வந்து உட்கார்ந்திருப்பார். நாப்பது வருசம் மோட்டார் காயில் கட்டினவன் நான், எங்கிட்டயே கரண்ட் வெக்கறானுங்க என்று ஒருநாள் சொன்னார், அது ஒன்றுக்குத்தான் அங்கே சிரித்தது. பக்கத்தில் பாத்திமுத்து என்று உடுமலைப்பேட்டைக்காரி. அவளுக்கு நாக்கையே எடுத்துவிட்டார்கள். நர்ஸ் பேர் கூப்பிட்டால் இதோ வந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை, அதனால் கைப்பையிலிருந்து ஒரு காய்ந்த குட்டிச் சுரையை எடுத்துக் கடகடவென்று ஆட்டுவாள். விதை உள்ளே உருளும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, சின்னப்பிள்ளை கிலுகிலுப்பை மாதிரி என்ன இது என்று. அப்புறம் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் பயமாகிவிட்டது. அவளுக்குக் கடைசி நாள் அன்றைக்கு அதை என் மடியில் வைத்தாள். உடை, புதை, தண்ணீர் விடு, மேலே ஏற்று என்று கையாலேயே சொன்னாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. இருக்கிறாளா என்று தெரியாது. கேட்பதற்கு என்னிடம் நம்பர் இல்லை, இருந்தாலும் போன் அடித்து அவளிடம் என்ன பேசச் சொல்வது.

வீட்டுக்கு வந்து அதை உடைக்க மனமில்லாமல் கொஞ்சநாள் வைத்திருந்தேன். ஆடி பிறந்தது. சுத்தியலால் ஒரே தட்டு. உள்ளே பஞ்சுபோல உலர்ந்த சதை, அதில் ஒட்டிக்கொண்டு விதை. தோல் கெட்டி, அப்படியே போட்டால் மண்ணுக்குள் கிடந்து அழுகும் என்று பூச்செடிக் கடைக்காரர் சொன்னார், அதனால் நகவெட்டியில் இருக்கிற அரத்தால் ஒவ்வொரு விதைக்கும் விளிம்பைத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, டி.வி.க்கு மேலே இருக்கும் டிஷ் பெட்டியின் சூட்டில் வைத்தேன். எனக்கு அப்போது வாய்க்குள் புண் ஆறவில்லை, எச்சில் ஊறாது, தண்ணீரை வைத்துக்கொண்டுதான் ஒரு வார்த்தை பேச முடியும். தினம் காலையில் துணியைப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் எழுந்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளையாக மூக்கு நீட்டிய அன்றைக்கு இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஏட்டுச் சொரக்காய்தான் கறிக்கு ஆகாது, இது மொளைக்கிற சொரக்காய், அதுவும் ஆகாது என்றார். கிண்டல் செய்துவிட்டுப் போய் அன்றைக்கே கல்தூண் வாங்கி வந்து கம்பி கட்டிப் பந்தல் போட்டார். அந்தப் பந்தலில்தான் ஒரு பக்கம் குட்டிச் சுரை, இன்னொரு பக்கம் சமையலுக்கு என்று நர்சரியில் வாங்கின நீட்டுச் சுரை. இரண்டும் மேலே போய் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, எது எந்தக் கொடி என்று காய் வந்த பிறகுதான் தெரியும். நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும், பக்கக் கிளையில்தான் பெண்பூ வரும் என்று தெரிந்துகொண்டு கிள்ளினேன். குட்டிக் காய் கொடியிலேயே காய்ந்து, தை மாதம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தபோது அழுகிவிட்டது என்று அவர் எடுத்துக் குப்பையில் போட்டார், நான் போய்ப் பொறுக்கி வந்தேன். அது அப்படித்தான் காயும். மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே கல்லாக இருக்கும். பிறகு அவரே வெட்கப்பட்டு, தன் மோட்டார் கடையில் மிஞ்சின, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷை எடுத்து வந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று எடுத்துக் கொடுப்பார், என் சம்சாரம் வெளைய வெச்சது என்பார்.

சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். வெள்ளைப் பூ, தேனீக்கள் போய்விட்ட பிறகு. விட்டில் வந்தால் உண்டு, வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். அதனால் விளக்கு வைத்துவிட்டு நானே போய் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் வாயில் தடவிவிடுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை, தின்ன வேண்டியதில்லை. நீட்டுச் சுரையில் முதல் பெண்பூ வந்த அன்றைக்கு அதே கொடியில் ஆண்பூ ஒன்றுகூட விரியவில்லை. இதோ இதைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அது வாடிவிடும். பக்கத்தில் குட்டிச் சுரையில் ஆண்பூ கொத்துக் கொத்தாக விரிந்து நின்றது. பூ பூதானே என்று ஒன்றைப் பறித்துத் தடவினேன். சம்பந்தம் பேசி முடிச்சாச்சுங்க, மாப்பிள்ளை கொஞ்சம் குட்டை என்று அவரிடம் வந்து சொன்னேன்கூட, தண்ணீரைக் குடித்துக் குடித்து அந்த ஒரு வரியைச் சொன்னேன், அவர் அப்படிச் சிரித்தார். பூ பிடித்தது. கொடியிலேயே முதல் காய், பெரிய காய். அதைப் பறிக்காமல் நூல் கட்டி விதைக்கு விட்டேன். அந்தக் காய்க்கு ஒன்றும் ஆகவில்லை, நெடுநெடுவென்று தாயைப் போலத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சாயல் விதைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த விதையைத்தான் இந்த ஆடியில் போட்டேன். வெரை ஒண்ணு போட்டா சொரை ஒண்ணா மொளைக்கும் என்பார்கள். முளைக்கும் போலிருக்கிறது. குட்டிச் சுரை சமையலுக்கான சாதி இல்லை, பேய்ச்சுரைக்குப் பங்காளி. பிஞ்சை அறுத்தபோது கையில் பிசுக்கென்று ஒட்டினதை வாயில் வைத்துப் பார்த்தேனா, பார்த்திருப்பேன், பார்த்து என்ன, அப்போதும் இதே நாக்குதானே. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஒருநாள் வேலி தாண்டி வந்து நீட்டுச் சுரை இலையை எல்லாம் தின்றுவிட்டுக் குட்டிச் சுரையை மட்டும் முகர்ந்து விட்டுவிட்டுப் போனது. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

தூக்கிப் போட்டுவிட்டால் என்ன. தூக்கிப் போட்டுவிடலாம். எறும்பு அரித்திருந்தது என்று சொல்லலாம், உள்ளே முத்தல் என்று சொல்லலாம். ஆனால் பந்தலில் இன்னும் எத்தனையோ தொங்குகின்றன, நாளைக்கு அடுத்ததைப் பறித்துக்கொண்டு வருவார், நாளைக்கும் எறும்பா. கொடியையே அறுத்துவிடலாம். ஏன் அறுத்தே என்பார். நோய் என்றால் எங்கே காட்டு என்பார், மருந்து வாங்கி வருவார், அவர் ஒன்றை எடுத்தால் விடமாட்டார், எரிந்த மோட்டாரை மூன்று நாள் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். பக்கத்து வீட்டு ரேவதியைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஏங்க்கா நீங்க பாக்கலையா என்பாள். நான் என்ன சொல்ல. அவளிடம் சொன்னால் தெருவிளக்கில் கட்டின மைக்கில் சொன்ன மாதிரி. ஒருவேளை இது நல்ல காயாகவே இருக்கலாம். இடுப்பு இருந்தால் கசக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, மூக்கு அம்மா மாதிரி, முழி அப்பா மாதிரி என்று பிள்ளைகள் பிறப்பதில்லையா, உருவத்தை அங்கேயிருந்தும் ருசியை இங்கேயிருந்தும் எடுத்திருக்கலாம். முகர்ந்து பார்த்தேன். மூக்கு எனக்கு நன்றாக வேலை செய்கிறது, அதை வைத்துத்தான் இத்தனை நாள் சமைக்கிறேன், பெருங்காயம் பொரிந்ததும் தெரியும், பருப்பு அடிப்பிடிக்கும் முன்னாலேயே தெரியும். சுரைக்காய்க்கு வாசம் பச்சைத் தண்ணீர் வாசம், கசப்புக்கு வாசம் கிடையாது. பின்வாசலைத் திறந்து ஒரு துண்டைக் காக்கைக்கு எறிந்தேன். காக்கை வந்தது, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது, அலகால் புரட்டிப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. எந்தக் காக்கை பச்சைச் சுரைக்காயைத் தின்றிருக்கிறது. அதனிடம் போய் நியாயம் கேட்டேன் பார். பந்தலில் நேற்றுச் சாயங்காலம் விரிந்த பூவெல்லாம் வெயில் பட்டுச் சுருங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பொங்கலன்றைக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால். கரண்ட் வைத்து முடித்தபோது டாக்டர், ருசி தானே திரும்பும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலே போகும் என்றார். அதிலிருந்து இவர் தினமும் கேட்பார். காப்பி கொடுத்துவிட்டு என் வாயையே பார்ப்பார், இன்னைக்குத் தெரியுதா. தெரியலீங்க. சரி நாளைக்குத் தெரியும். எனக்கு மிளகாய் ஆகாது, புளி ஆகாது, குழைத்த பருப்புச் சோறுதான் இறங்கும் என்று, அவரும் அதையே தின்றார். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், உங்களுக்குத் தனியாக ஒரு ரசம் வைக்கிறேன் என்று, கேட்கவில்லை. ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். நான் இருட்டில் இருந்து பார்த்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். பொங்கல் வந்தது, வாசலில் பானை வைத்தேன், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். புது வெல்லம் பாகு காய்ச்சி ஊற்றி, நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டினேன், வாசம் தெருவரைக்கும் போனது. சூரியனுக்குப் படைத்துவிட்டு அவருக்கு இலையில் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் ஒரு வாய் வைத்தேன். சூடாக, குழைவாக, ஏதோ ஒரு பசை. இனிக்குதுங்க என்றேன். நல்லா இனிக்குதுங்க, ருசி வந்துருச்சுங்க. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. எங்கள் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒருதரம்தான், அவருடைய அப்பா செத்தபோதுகூட மில்லுக்கு ஓடுகிற மோட்டாரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அப்புறம் பானையைத் தூக்கிக்கொண்டு, அக்கம்பக்கம் எல்லாருக்கும் நானே குடுத்துட்டு வர்றேன் என்று அவரே போனார், வெறும் பானையோடு வந்தார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷருக்கு. அதற்கப்புறம் எப்படிப் போய், இல்லீங்க அது பொய் என்று சொல்வது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. குழம்பு வைத்தேன், காரமாகத் தின்றார், நல்லாருக்குது என்றார். தினமும் நல்லாருக்குது என்றார்.

தினமும். அங்கேதான் வந்து நிற்கிறது. ஆயுத பூஜைக்குக் கோகிலா வந்திருந்தாள், எங்கள் மகள், பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். சாப்பிட்டு முடித்து மோர் ஊற்றினேன். அவள் ஒரு வாய் குடித்தாள், முகம் சுளித்தது, எழுந்து வாஷ் பேசினுக்கு ஓடப் பார்த்தாள். இவர் மேஜைக்கடியில் காலால் அவள் காலை மிதித்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தேன், இவர் தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார், கண்ணுக்குக் கீழே தசை ஒருதரம் இழுத்தது, மோர் நல்லாருக்குது, இன்னுங் கொஞ்சம் ஊத்து என்றார். உப்பை இரண்டு தடவை போட்டிருப்பேன். மூன்று தடவைகூடப் போட்டிருப்பேன். அப்படியென்றால் நல்லாருக்குது என்பதற்கு என்ன அர்த்தம், நான் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குது என்றால் அது நல்லாருக்கிறது என்ற அர்த்தமா. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் பார்க்கிறேன், தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியக் கூடாது என்று அவர் பார்க்கிறார், நடுவில் இந்த டம்ளர். அதுவும் கசப்பு. உப்பு என்றாலாவது ஒருவேளை முகம் சுளிப்பார். கசப்பு அவருக்கு மருந்து. பாகற்காயைப் பச்சையாகத் தின்பார், நிலவேம்பைத் தேன் இல்லாமல் குடிப்பார், கசக்கக் கசக்கச் சர்க்கரை எறங்கும் என்பார். இந்தக் காய் பேய்ச்சுரையாக இருந்தால் மூக்கைக்கூடப் பிடிக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நல்லாருக்குது என்று டம்ளரைக் கழுவி வைப்பார். இரண்டு மாதம் முன்னால் பேப்பரில் போட்டிருந்தான், எங்கேயோ வடக்கே ஒருவர் கசந்த சுரைக்காய் ஜூஸைக் கசக்கிறது என்று தெரிந்தும் மருந்து என்று குடித்து, ரத்த வாந்தி எடுத்து. அதை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். பாரு, நம்ம வீட்டுல நீ நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான குடுக்கறே என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை, பேப்பரை மடித்துவிட்டுப் போய்விட்டார். தெரிந்துமா அப்படிச் சொன்னார். தெரிந்தேதான் தினமும் அந்த டம்ளரை வாங்கினாரா. எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டி என்று டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை, அது என் உடம்பு, போனால் போகிறது என்று இருந்துவிட்டேன்.

சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் காய்ந்த சுரைப்புரடை கட்டிவிடுவார்கள். அது பேய்ச்சுரையாகத்தான் இருக்கும், புழு வைக்காது, ஓடு கெட்டி, வருஷக்கணக்கில் மிதக்கும். தின்ன ஆகாததைத்தான் முதுகில் கட்டுவார்கள். எனக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தும் ரொம்பநாள் நான் அதைக் கழற்ற விடவில்லை. ஒருநாள் அண்ணன் தண்ணீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்த்துவிட்டான், அது தனியாக மிதந்து போனது, நான் கத்திக்கொண்டே கரைக்கு வந்தேன், வந்த பிறகுதான் தெரிந்தது நீந்தித்தான் வந்திருக்கிறேன் என்று. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. கேட் சத்தம். கேட்டின் கொண்டி எப்போதும் இரண்டு தடவை தட்டும், அவர் ஒருதரம் போட்டுவிட்டுச் சரியாக விழவில்லை என்று மறுபடி தூக்கிப் போடுவார். செருப்பு. தொண்டையைச் செருமுகிறார். மிக்ஸியின் பிளக்கைச் சொருகினேன். பிடுங்கினேன். துண்டுகளை ஜாரில் அள்ளிப் போட்டேன், மறுபடி தட்டில் கொட்டினேன்.

"ஜூஸ் ஆச்சா புள்ள?"

"வாங்க."

குளித்த மாதிரி வியர்த்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் பிடரியைத் துடைத்தார். நான் டம்ளரைக் கொண்டுபோகவில்லை. ஒரு தட்டில் ஒரே ஒரு துண்டு, கட்டைவிரல் அளவு, அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"இதென்ன?"

"வாயில வெச்சுப் பாருங்க. முழுங்கீறாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். முதல் மெல்லுக்குத் தாடை நின்றது. கண்ணுக்குக் கீழே தசை இழுத்தது, மோர் அன்றைக்கு இழுத்த அதே இடத்தில். அப்புறம் நிதானமாக மறுபடி மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார்.

"துப்புங்க."

"நல்லாருக்குதுங்கறேன்."

"துப்புங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். எனக்கு ருசி வரலீங்க. பொங்கலப்ப சொன்னது பொய்யிங்க. எனக்கு உப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. இது பேய்ச்சொரையா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தானுங்க தெரியும்."

அவர் எழுந்து வாஷ் பேசினுக்குப் போனார். துப்பினார். குழாயைத் திறந்து கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார், நாக்கை விரலால் வழித்துக் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"கசக்குது," என்றார். "வெசம் மாதிரி கசக்குது."

தரையிலேயே உட்கார்ந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில், முழங்கால் வலியோடு, கீழேயே உட்கார்ந்தார்.

"எப்பயிருந்து தெரியுமுங்க உங்களுக்கு?"

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"பொங்கலன்னிக்கே. நீ வாயில வெக்கறதுக்கு முன்னாலயே நான் ஒரு வாய் வெச்சுட்டேனே. ஒரே உப்பு வசந்தாமணி. ஒலையிலயும் போட்டிருக்கறே, வெல்லத்தோடயும் ஒரு கையி அள்ளிப் போட்டிருக்கறே. வாயில வெக்க முடியல. நீ இனிக்குதுங்கறே."

"அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தீங்களே."

"பால்காரன் வீட்டுத் தொட்டியில கொட்டிட்டு வந்தேன். மாடும் குடிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாக வரவில்லை. அவர் என் முதுகில் கையை வைத்தார். ஜன்னலில் ஃபேன் காற்றுக்குக் குட்டிச் சுரைகள் ஒன்றோடொன்று இடித்து உள்ளே விதை உருண்டது. கொஞ்சம் பொறுத்து, அந்தக் கொடிய அறுக்க வேண்டாம், இருக்கட்டும், காய்ஞ்சா இன்னும் பெருசாத் தொங்கவிடலாம் என்றார். நான் சரி என்றேன். தட்டிலிருந்த துண்டுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு இறுக்கி முடிந்து குப்பையில் போட்டேன். கத்தியைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

அவர் வெறும் வயிற்றோடு இருந்தார். அடுப்பைப் பற்றவைத்து அரிசியும் பருப்பும் களைந்து கஞ்சி வைத்தேன். கொதித்து வாசம் வந்தது. ஜாடியைத் திறந்து உப்பைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று வழக்கம்போலச் சந்தேகம் வந்து நின்றேன்.

"இங்க வாங்க," என்றேன். "வந்து உப்புப் பாருங்க."

அவர் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். ஊதி, நக்கி, கண்ணை மூடி யோசித்தார்.

"பத்தலை," என்றார்.

இன்னும் கொஞ்சம் போட்டேன்.